கொடி இல்லாத மொழிப்பட்டியல்

கண்டி
12 ஜனவரி 2025

சுவர்ணாவுக்கு,

தாய்வானுக்கு அனுப்பின நாற்பது ஈரமானிகளும் திரும்பி வந்துவிட்டன. பெட்டி உடையவில்லை, கருவி பழுதில்லை, விலையிலும் தகராறு இல்லை. வாங்கின மனிதர் லின் என்பவர். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதி உள்ளே வைத்திருக்கிறார்: “இது எங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல.” அவ்வளவுதான்.

உன்னை எப்படி விளித்து எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். அன்ட்ரூவும் நீயும் கோட்டில் விவாகரத்து வாங்கின பிறகு, மருமகள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. திருமதி என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆகவே பேரை மட்டும் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் ஈமெயில் விலாசம் வீட்டில் பியட்றிஸிடம் இருந்தது. வருஷா வருஷம் நத்தார்ப் பெருநாளுக்கு நீ அவளுக்கு வாழ்த்து அனுப்புவது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியும். கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஈரமானி மூன்று மொழியோடு நின்றது: சிங்களம், தமிழ், இங்கிலீஷ். ஃபெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாடும்போது அதற்குள் ஒரு குச்சியைச் செருகிவிட்டால் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று ஃபோனில் காட்டும். அதே சாமான்தான். ஹேவாஹெட்ட, கலஹா பக்கத்து ஃபெக்டரிகளில் நன்றாகப் போனது. அப்புறம் சீனாவில் புஜியன் பக்கத்துத் தோட்டம் ஒன்று கேட்டது. கொழும்பில் ஒரு கம்பனியைப் பிடித்துச் சீனம் போட்டோம். அவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. அதையே தாய்வானுக்கும் அனுப்பினோம். சீனம் சீனம்தானே என்று நினைத்தேன்.

நீ அதே தாய்வானில் மென்பொருள்களுக்கு மொழி மாற்றும் வேலைதான் செய்கிறாய் என்று பியட்றிஸ் சொன்னாள். ஏப்ரலில் அவர்களுக்கு வசந்தக் கொழுந்து வருமாம். அதற்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் அந்த வாசல் எனக்கு மூடிவிடும். பக்கத்திலே ஹொங்கொங்கில் ஒரு வியாபாரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். லின் வேண்டாம் என்றால் அவரும் வேண்டாம் என்பார்.

பிழை எங்கே என்று மட்டும் சொல். நான் எதையும் சும்மா வாங்கிப் பழகாதவன், உனக்குத் தெரியும். உன் கூலியைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. நான் பேரம் பேசுவேன், அதுவும் உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
யாகப்பர்


தாய்ச்சுங்
19 ஜனவரி 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெறும் பெயரைப் போட்டு எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. நான் மாமா என்றுதான் எழுதுகிறேன். வேறு சொல் கைவசம் இல்லை, தேடவும் நேரம் இல்லை.

ஒரு நிபந்தனை. அன்ட்ரூவைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம். நானும் கேட்க மாட்டேன். அதை விட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கடையில் மென்பொருள் பார்க்கும் பஹீமிடம் சொல்லித் திரையின் படங்களையும் கோப்புகளையும் அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். மாமா, பிழை இரண்டு. ஒன்று உள்ளே இருக்கிறது, ஒன்று முகத்திலேயே இருக்கிறது.

உள்ளே இருப்பதை முதலில் சொல்கிறேன். உங்கள் சீனக் கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் குறியீடு zh. அதற்குச் சீனம் என்று மட்டும் அர்த்தம். ஒரு மூட்டையில் ‘தேயிலை’ என்று மட்டும் எழுதி உங்களுக்கு யாராவது அனுப்பினால் வாங்குவீர்களா? உள்ளே எந்த ரகம், பீஓபியா டஸ்ட்டா என்று கேட்க மாட்டீர்களா? அதே கதைதான். சீனத்தை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பெருநிலத்தில் கோடுகளைக் குறைத்துச் சுருக்கின எழுத்து, அதற்கு zh-Hans. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் பழைய முழு எழுத்து, அதற்கு zh-Hant. கொழும்புக் கம்பனி சுருக்கெழுத்தில் செய்துவிட்டு, எந்த எழுத்து என்று சொல்லாமல் மேலே வெறும் zh என்று ஒட்டிவிட்டது. உதாரணத்துக்கு, ஹொங்கொங் ஃபோன் zh-HK என்று தன் ஊர்க் குறியீட்டைக் கேட்கும். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லையென்றால் வாலை வெட்டிவிட்டு முன்பாதியைத் தேடும். உங்கள் பெட்டியில் முன்பாதியில் இருப்பது பெருநிலத்து எழுத்து. அதைத்தான் எடுத்துக் காட்டும். பாவம் ஃபோன், அதன்மேல் குற்றமில்லை.

கைநூலிலும் இதே குழப்பம். இணையத்தில் வைத்திருக்கும் பக்கங்களுக்கு எந்த எழுத்து என்று குறிக்காததால், சில எழுத்துகள் ஒரு ஊர் வடிவிலும் சில இன்னொரு ஊர் வடிவிலும் கலந்து தெரிகின்றன. வாசிக்கலாம். ஆனால் ஒரு சேட்டில் இரண்டு விதப் பொத்தான் தைத்த மாதிரி.

முகத்தில் இருக்கும் பிழையை நான் சொல்லத் தேவையில்லை. ஈரமானியை முதன்முதல் திறந்ததும் வரும் மொழிப்பட்டியலைப் பாருங்கள். சிங்களத்துக்குப் பக்கத்தில் இலங்கைக் கொடி. இங்கிலீஷுக்குப் பிரித்தானியக் கொடி. தமிழுக்கு ஒன்றும் இல்லை. சீனத்துக்குப் பெரிய சிவப்புக் கொடி. தமிழுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன். நீங்கள் மேசையில் தட்டின தட்டில் சொதிச் சட்டி ஆடியது.

கூலியைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
சுவர்ணா


கண்டி
27 ஜனவரி 2025

சுவர்ணாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடையில் கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஹீம் வந்து, “என்ன முதலாளி, சொகமில்லையா?” என்று கேட்டான். சுகம்தான் என்றேன். வெட்கம் என்று சொல்லவில்லை.

ஹேவாஹெட்ட ரத்தினம்மா நினைவிருக்கிறதா? மேல்மாடியில் கொழுந்து பரப்புகிறவர்களுக்குத் தலைவி. முதல் ஈரமானியை அவள் கையில்தான் கொடுத்தேன். சென்னையில் செய்த தமிழை அப்படியே வாங்கிப் போட்டிருந்தோம். தமிழுக்குப் பக்கத்தில் இந்தியக் கொடி நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு, பாதிதான் வாசிக்கத் தெரிந்த சிங்களத்தை அமுக்கினாள். “ஏம்மா, தமிழ் இருக்கே?” என்று கேட்டேன். “எங்கப்பாவ இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி அனுப்பப் பாத்தாங்க, அவரு போகல. நான் இந்தப் படத்த அமுக்கிப் போகணுமா, ஐயா?” என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவும் அதே குடியுரிமைக் கியூவில் நின்றவர்தான். அன்று இரவு மேசையில் தட்டினது அதற்குத்தான். மறுநாளே அந்தக் கொடியை எடுக்கச் சொன்னேன்.

தமிழுக்கு மட்டும் எடுத்தேன். மற்றதெல்லாம் பார்க்க வடிவாக இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டேன். சீனம் வந்தபோது பஹீம், “இதுக்கு எந்தக் கொடி போடுறது?” என்று கேட்டான். “சீனத்துக்குச் சீனக் கொடிதான்டா, வேறென்ன?” என்றேன். எனக்கு வலித்தது இன்னொருத்தனுக்கும் வலிக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. லின் எழுதின அந்த ஒரு வரியை இப்போது ரத்தினம்மாவின் குரலில் வாசிக்கிறேன்.

நன்றி, பிள்ளை. பணம் கொடுத்தாலும் யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. எல்லாக் கொடியையும் எடுத்தாயிற்று. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே நிற்கிறது. அதோடு பஹீம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். சுருக்கெழுத்தைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் பழைய எழுத்தாக மாற்றித் தரும் ஏதோ ஒன்று இருக்கிறதாம். “லேசான வேல முதலாளி, டீ குடிச்சி முடிக்க முன்னுக்கு முடிஞ்சிரும்” என்கிறான். மாற்றி zh-Hant என்று பெயரும் ஒட்டிவிட்டான். இனி அனுப்பலாம்தானே? செலவும் மிச்சம்.

பியட்றிஸுக்கு முழங்கால் பரவாயில்லை. பூசைக்கு நடந்தே போகிறாள். திரும்பும்போதுதான் த்ரீவீலர்.

யாகப்பர்


தாய்ச்சுங்
10 பெப்ரவரி 2025

மாமாவுக்கு,

அனுப்ப வேண்டாம். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பஹீமிடமும் தனியாகச் சொல்லிவிட்டேன்.

எழுத்தை மாற்றினால் உடுப்புத்தான் மாறும் மாமா, பேச்சு மாறாது. மென்பொருளுக்குப் பெருநிலத்தில் ஒரு சொல், இங்கே ஒரு சொல். திரைக்கு அங்கே ஒரு சொல், இங்கே வேறு. சேமி என்ற பொத்தானைக்கூட இங்கே வேறு மாதிரித்தான் சொல்கிறார்கள். சென்னைத் தமிழில் ‘தேயிலை இலை’ என்று வந்ததற்கு ஹேவாஹெட்டயில் என்ன சொன்னார்கள்? “கொழுந்துன்னு சொல்லத் தெரியாதவனுக்கு ஈரம் எங்க தெரியப் போகுது?” என்று கேட்டார்களே, நீங்கள்தான் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தீர்கள். இங்கே உள்ளவர்களுக்கு மட்டும் காது இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிறு லின் ஐயாவைப் பார்க்கப் போனேன். நீங்கள் போகச் சொல்லவில்லை, தெரியும். இங்கிருந்து நன்தோ மலைக்குப் பஸ். ஏற ஏறக் குளிர், பனி, பக்கத்தில் தேயிலை. கண்ணை மூடினால் கலஹாவுக்குப் போகிற பஸ்தான், கோர்ன் சத்தம் மட்டும் இல்லை. நான் இலங்கைக்காரி, ஈரமானி செய்த ஆளைத் தெரியும் என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றினார். சின்னக் கோப்பை, ஒரு வாய்தான். குடித்ததும் மறுபடி ஊற்றினார்.

“கருவி நல்லது. ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பும் முன் ஒரு கிழமை, ஏழு நாளும் வைத்துப் பார்த்தேன். என் கை சொன்னதும் அது சொன்னதும் ஒன்றாகவே இருந்தது” என்றார்.

“பிறகு ஏன் திருப்பினீர்கள்?”

“என் வேலைக்காரர்களிடம் கொடுத்தேன். முதல் திரையிலேயே ஒரு கொடியைத் தொட்டால்தான் உள்ளே போகலாம். ஒருத்தர் என்னைப் பார்த்துக் கேட்டார், முதலாளி, இதைத் தொட்டால் நாம் யாராகிறோம் என்று. ஈரம் பார்க்க வந்தவர்களை இதற்கெல்லாம் பதில் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை.”

நான் ரத்தினம்மாவின் கதையை அவருக்குச் சொன்னேன் மாமா. கப்பல், கியூ, எல்லாம். நான் பேசும் சீனம் எழுதும் சீனம் அளவுக்கு நல்லதல்ல, ஆனால் அவருக்கு விளங்கியது. என் கோப்பையை மறுபடி நிரப்பினார். பிறகு, “அந்த அம்மா நல்லா இருக்கிறாரா?” என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன். திரும்பும்போது உங்களுக்கென்று ஒரு பொதி தேயிலை தந்தார். தபாலில் போட்டிருக்கிறேன். தேயிலை ஊருக்குத் தேயிலை அனுப்புகிறேனே என்று அவருக்கே சிரிப்பு.

அவர் சொன்னது இவ்வளவுதான்: திரையும் கைநூலும் இங்கே பேசுகிற மாதிரி வந்தால் நாற்பதையும் எடுப்பார். வசந்தக் கொழுந்துக்கு முன் வர வேண்டும்.

நானே எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து மாலையில் செய்கிறேன், லின் ஐயாவின் கணக்கப்பிள்ளை வாசித்துத் திருத்துவார். ஹொங்கொங்குக்கு இப்போதே தனிப்பதிப்பு வேண்டாம். எழுத்து அதேதான், சில சொற்கள்தான் வேறு. zh-Hant ஒன்றைச் சரியாக வைப்போம். ஹொங்கொங் ஃபோன் தன் குறியீட்டைக் காணாவிட்டால் அடுத்துத் தேட வேண்டியது zh-Hant என்று பஹீம் மென்பொருளுக்குள் ஒரு வரி எழுதினால் போதும். பிறகு ஹொங்கொங்கில் விற்பனை பிடித்தால் மாறுகிற சொற்களுக்கு மட்டும் ஒரு சின்ன வால் ஒட்டலாம். புஜியன்காரர்களுக்கு இருப்பதையே zh-Hans என்று சரியான பெயர் போட்டு வையுங்கள். இப்படிச் செய்தால் உங்களுக்குச் செலவும் குறைவு. இதைக் கேட்டதும் உங்கள் முகம் மலரும் என்று தெரியும்.

அன்புடன்,
சுவர்ணா


கண்டி
9 மார்ச் 2025

அன்புள்ள சுவர்ணாவுக்கு,

தேயிலை வந்தது. பியட்றிஸ் பால் ஊற்றப் போனாள், பிடித்து நிறுத்தினேன். வாசம் பூ மாதிரி இருக்கிறது. லின்னுக்கு என் நன்றியைச் சொல்.

உன் வேலையையும் பஹீம் போட்டுக் காட்டினான். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் கைநூலின் பக்கங்கள் இப்போது ஒரே கை எழுதின மாதிரி இருக்கின்றன, அது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமையில் மலை ஏறி என் பேரைக் காப்பாற்றியிருக்கிறாய். சொந்தப் பிள்ளைகள் செய்வார்களா தெரியாது.

இப்போது உன் நிபந்தனையை ஒரே ஒரு தரம் மீற வேண்டியிருக்கிறது. இது கடை விஷயமாகவும் ஆகிவிட்டது. கைநூலின் கடைசிப் பக்கத்தில் மொழிவேலை செய்தவர்களின் பேர் போடுவது வழக்கம். உன் பேரைப் போட்டிருந்தான் பஹீம். கடையின் இணையப் பக்கத்தை டோஹாவிலிருந்து பார்த்துக்கொள்வது அன்ட்ரூ. பார்த்துவிட்டு நேற்று ஃபோனில் கூப்பிட்டான்.

“அப்பா, அவ இப்ப நமக்கு யாரு? இந்தப் பேர எதுக்குப் போட்டீங்க? எனக்குத் தெரிஞ்ச கம்பனி இங்க இருக்கு, அவங்கள வச்சுச் செய்வோம். ஊரு என்னா பேசும்?”

யோசிக்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். மறைக்க விரும்பவில்லை, ஆகவே எழுதுகிறேன். பேர் போடுவதில் உன் விருப்பம் என்ன?

யாகப்பர்


தாய்ச்சுங்
11 மார்ச் 2025

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கைநூலிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும். அதனால் எனக்கு வருத்தம் இல்லை.

கோப்புகள் அனைத்தும் முடிந்த நிலையில் பஹீமிடம் உள்ளன. எந்தக் கோப்புக்கு எந்தக் குறியீடு என்று அவருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறேன். லின் ஐயா இனித் தங்களுடன் நேரடியாகத் தொடர்பு கொள்வார். இந்த முறை செய்ததற்குக் கூலி வேண்டாம். இனி வரும் வேலைகளைத் தங்கள் மகன் சொல்லும் கம்பனியிடம் கொடுப்பதே எல்லோருக்கும் நல்லது. தங்களுக்கு இருப்பது ஒரே மகன்.

மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
செ. சுவர்ணா


கண்டி
16 மார்ச் 2025

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

உன் கடிதத்தை பியட்றிஸ்தான் முதலில் வாசித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். “ஐயாவாம். உங்களுக்கு நல்லா வேணும். யோசிக்கிறேன்னு சொன்னீங்கல்ல, இப்ப நல்லா யோசிங்க” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். அன்று எனக்குப் பாணும் சம்பலும்தான், சோறு இல்லை.

நான் முப்பத்தைந்து வருடமாக வியாபாரம் செய்கிறவன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் பழைய விசிறிப் பட்டியும் தெர்மோமீட்டரும் நடைபாதையில் பரப்பித் தொடங்கினவன். எங்கே நேரம் எடுக்க வேண்டும், எங்கே உடனே பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்ட்ரூ ‘அவ நமக்கு யாரு’ என்று கேட்டபோது அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேற்றுச் சொன்னேன்.

“உன் வீட்டு விஷயம் கோட்டில் முடிஞ்சிருச்சு, மகன். என் கடை விஷயம் கோட்டுக்குப் போகல. இந்த வேலைய அவ செய்றா. பேர் போடுவேன். இணையப் பக்கத்தப் பாக்க உனக்குக் கஷ்டமா இருந்தா பஹீம் பாத்துக்குவான். உன்மேல எனக்குக் கோவமில்ல.”

பிறகு, “சரி, நானே பாக்குறேன்” என்றான். மனது கெட்டவன் இல்லை அவன். பெருமை பிடித்தவன், என்னை மாதிரி.

இன்னொன்று. நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய், ஃபோன் கேட்கும் குறியீடு இல்லாவிட்டால் வாலை வெட்டிவிட்டு முன்பாதியைத் தேடும் என்று. உனக்கு ஒட்டியிருந்த வால் ஒன்று போய்விட்டது. சரி, போகட்டும். முன்பாதி எங்கள் வீட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ வந்த முதல் நாளிலிருந்து பியட்றிஸ் உன்னை மகள் என்றுதான் கூப்பிட்டாள். அதை யாரும் கோட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே கோட்டினால் எடுக்கவும் முடியாது. இந்தக் கடிதத்தின் தலையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார். இந்தத் தரம் அரை மணி நேரம் யோசிக்கவில்லை.

நாற்பது கருவிகளும் புதுத் திரையோடு வெள்ளிக்கிழமை புறப்பட்டுவிட்டன. கைநூலின் கடைசிப் பக்கத்தில் ‘சுவர்ணா செபமாலை’ என்று அச்சாகிவிட்டது. உன் அப்பா செபமாலையைச் சம்பந்தி ஆகும் முன்பே எனக்குத் தெரியும். கலஹா ஸ்கூலில் எனக்கு ஒரு வகுப்பு மேலே. பந்தைக் கேட்டால் கொடுக்க மாட்டான்.

கூலி வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. சும்மா வாங்கமாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். ஒரு வேலைக்குக் கூலி என்று இல்லாமல், சீனப் பதிப்போடு விற்கும் ஒவ்வொரு கருவியிலும் உனக்குப் பங்கு தருகிறேன். நூற்றுக்கு ஆறு. யோசித்து எழுது. ஆனால் ஐயா என்று எழுதாதே.

அன்புடன்,
யாகப்பர்


தாய்ச்சுங்
6 ஏப்ரல் 2025

மாமாவுக்கும் மாமிக்கும்,

மாமாவுக்குப் பாணும் சம்பலும் போதாது மாமி, இன்னும் இரண்டு நாள் கொடுத்திருக்கலாம்.

நேற்று லின் ஐயாவின் மலைக்குப் போனேன். முதல் கொழுந்து வந்துவிட்டது. மேல்மாடி இல்லை, இங்கே வெயிலில் துணி விரித்துப் பரப்புகிறார்கள், பிறகு உள்ளே கொண்டுபோய் மூங்கில் தட்டில் வாட்டுகிறார்கள். அன்று ‘நாம் யாராகிறோம்’ என்று கேட்ட அதே ஆள் ஈரமானியைத் திறந்தார். தன் எழுத்தில் தன் மொழியின் பெயர் நின்றது. தொட்டார். குச்சியைக் கொழுந்துக்குள் செருகிவிட்டு எண்ணைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் மாமா. யாரும் திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று என்னையே கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தையும் பல தரம் வாசித்தேன். நன்றி.

இனி வியாபாரம். ஆறு போதாது, பத்து. அதோடு, என்னைக் கேட்காமல் எந்தப் புது மொழியும் சேர்க்கக் கூடாது. குறியீட்டை நான்தான் தெரிவு செய்வேன். கொடி எந்தக் காலத்திலும் வரக் கூடாது, யார் கேட்டாலும். பிறகு நம் தமிழ். அதுவும் இன்னும் வெறும் ta என்றுதான் நிற்கிறது, உள்ளே பாதி சென்னைச் சொற்கள். அதற்கு ta-LK என்று இலங்கை வாலை ஒட்டி நம் மேல்மாடிச் சொற்களைப் போட வேண்டும். ரத்தினம்மா வாசித்துச் சரி சொல்லாமல் வெளியே போகக் கூடாது, அவருக்கும் கூலி உண்டு.

அன்பு மகள்,
சுவர்ணா


கண்டி
13 ஏப்ரல் 2025

அன்பு மகள் சுவர்ணாவுக்கு,

குருத்தோலை ஞாயிறு. பியட்றிஸ் கோயிலிலிருந்து உனக்கும் ஒரு ஓலை கொண்டுவந்து அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறாள். வரும்போது எடுத்துக்கொள். டிசம்பரில் லீவு கிடைக்கும் என்று அவளிடம் சொன்னாயாமே.

லின்னிடமிருந்து நேற்று ஈமெயில் வந்தது. நாற்பதும் எடுத்துக்கொண்டார், இன்னும் இருபது கேட்கிறார். ஹொங்கொங் வியாபாரியும் மாதிரிக்கு இரண்டு கேட்டிருக்கிறார். மென்பொருளை இறக்கிப் பார்த்தபோது அவருடைய ஃபோனில் zh-Hant தானாகவே வந்ததாம். பஹீம் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், தான்தான் செய்தவன் மாதிரி. சொல்லட்டும்.

உன் கடிதத்தை ரத்தினம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஹேவாஹெட்டவுக்குப் போனேன். தாய்வானில் தன் கதை போயிருக்கிறது என்று கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்த ஐயாகிட்டச் சொல்லுங்க, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு” என்றாள். சொல்லிவிடு.

வியாபார விஷயம் வாய்ப்பேச்சில் நிற்கக் கூடாது, ஆகவே எழுதி வைக்கிறேன். நீ பத்துக் கேட்டாய், நான் ஆறு சொன்னேன். சீனப் பதிப்போடு விற்கும் ஒவ்வொரு கருவியிலும் உனக்கு நூற்றுக்கு எட்டு, திரும்பி வந்து போன நாற்பதிலிருந்தே கணக்கு. மொழிக் குறியீட்டில் உன் சொல்லே கடைசிச் சொல், நான் மறுத்தாலும். கொடி வராது. தமிழ் இலங்கை வாலோடு வரும், ரத்தினம்மா சரி சொன்ன பிறகுதான் வரும், ஒவ்வொரு தரமும் அவளுக்கு இரண்டு நாள் சம்பளம். உன் பேர் நீ எழுதும் விதத்திலேயே அச்சாகும்.

கடிதத்தின் தலையில் மாமா என்று எழுதுகிறாயே, அதற்கு மட்டும் விலை பேசவில்லை. அதைச் சும்மாதான் வாங்கிக்கொள்கிறேன்.

மாமா